மாங்காவும் மாங்கனியும்

சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறுகிறவர்களுக்குத் தெரியும், திருவள்ளூர் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அதற்கப்புறம் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிரே அக்கா மகன். எல்லாரும் போனைத் தள்ளுகிற திசைக்கு எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

“மாமா, நீங்க மாங்கா படிப்பீங்களா?”

பக்கத்திலிருந்த பாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாங்காயை எதுக்குப்பா படிக்கணும்? உப்பு மொளகாத்தூள் போட்டுத் தின்ன வேண்டியதுதானே?” சொல்லி வைத்தாற்போல மாங்காப் பத்தைக்காரரும் வந்துவிட, பெட்டியே சிரித்தது. ஜப்பான்காரர்கள் படக்கதைக்கு வைத்திருக்கும் பேர் அது என்று அவருக்கு விளங்கவைக்க மணவூர் வரை ஆயிற்று. எல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டி, “கன்னித்தீவு மாதிரின்னு சொல்லு” என்று ஒரே வரியில் முடித்தார்.

அதேதான். ‘தினத்தந்தி’யில் 60 ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறார் சிந்துபாத். கையளவு ஆகிப்போன லைலாவைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் பாடு இன்னும் தீரவில்லை. இழுபறி ஆகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லும் அளவுக்குப் பேச்சில் கலந்துவிட்ட படக்கதை அது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டி முதல் டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பங்கு போட்டுக்கொள்கிறவர் வரை அதைப் பார்க்காத ஆள் இல்லை. ஆனாலும் யாரிடமாவது ‘நீங்கள் காமிக்ஸ் படிப்பீர்களா’ என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

பையனுக்கு 19 வயது. பள்ளிக்கூட நாளில் சோனி யாய் தொலைக்காட்சியில் நருட்டோவைத் தமிழில் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டில் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் போனவன். “சண்டையெல்லாம் அலுத்துப்போச்சு மாமா. பேய்க்கதை, சரித்திரம், சாமி, ஊர்க்கதை, எதுவா இருந்தாலும் சரி, நல்லதா நாலு சொல்லுங்க” என்றான். நாங்கள் இறங்கவேண்டிய நிலையம் வந்துவிட்டது. பலகையில் ‘திருவாலங்காடு’ என்று இருந்தது. நீ கேட்ட நாலும் இந்த ஊரிலேயே இருக்குடா என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போகிற வழியில் யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகவே இருந்தது.

இந்த ஊர்க்கதையே ஒரு மாங்கனியில்தான் தொடங்குகிறது. காரைக்கால் வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசித்து வந்த அடியாருக்கு ஒன்றை இலையில் வைத்துவிடுகிறாள் மனைவி புனிதவதி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் மிச்சம் இருந்ததைத் தின்றுவிட்டு, ருசி தாங்காமல் மற்றதையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு பழம் வந்து விழுகிறது. இது முன்னதைவிட இனிக்கிறதே, எங்கிருந்து வந்தது என்கிறான். உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை பார்ப்போம் என்கிறான். வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது. பரமதத்தன் பயந்து ஊரைவிட்டே ஓடுகிறான். பின்னாளில் மறுபடி பார்க்கும்போது கணவன் தன்னைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்ட பிறகு இந்தச் சதை எதற்கு என்று உதறி, பேயுருக் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலை ஏறி, கடைசியில் ஆலங்காட்டில் ஆடுகிறவன் காலடியில் வந்து உட்காருகிறாள் அந்தப் பெண். மாம்பழம், காலியான கை, ஓடுகிற புருஷன், தலைகீழாக ஒரு பெண். கட்டம் கட்டமாக ஓடுகிற கதை.

கட்டம் கட்டியும் இருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடிச்சுவரில், இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், நாயன்மார் கதைகளைக் குட்டிக் குட்டிச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கி, யார் கதை, என்ன காட்சி என்று தமிழில் பெயரும் வெட்டிவைத்தார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடி ஒரு தலைமுறைகூட ஆகியிருக்காது. புத்தகம் வந்த சூட்டோடு படக்கதை வந்த மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையை வரைந்தவர்கள் படத்துக்குப் படம் கீழே தமிழில் விளக்கம் எழுதினார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் காளத்தியில் கலம்காரித் துணிக்காரர்கள் மூங்கில் குச்சியும் மையும் வைத்து இராமாயணத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஓரத்தில் தெலுங்கு எழுத்தில் கதை சொன்னார்கள். அந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டு கதை கேட்டவர்கள் எல்லாரும் மீசை முளைத்தவர்கள்தான்.

இங்கிருந்து 1947க்கு ஒரு தாவல். அந்த ஆண்டு ஜனவரியில் ஜப்பானில் ஒசாமு தெசுகா என்ற மருத்துவக் கல்லூரி மாணவர் வரைந்த ‘புதிய புதையல் தீவு’ மலிவுத் தாளில் வெளியானது. ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குத் தெலுங்கும் பக்கத்து வீட்டுக்குத் தமிழும் போகும், படம் மட்டும் ஒன்றுதான். தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு உருவிய வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாத பிள்ளை எல்லைக்கு இருபுறமும் இருந்திருக்க மாட்டாது.

ஒரே ஆண்டில் ஒரே மாதிரி மலிவுத் தாளில் தொடங்கிய இரண்டு கதைகள். அங்கே தெசுகாவைப் படித்த பிள்ளைகள் வளர்ந்தபோது படக்கதையும் கூடவே வளர்ந்தது. 1957 வாக்கில் தட்சுமி யோஷிஹிரோ, இது பொடியன்களுக்கு இல்லை என்று அறிவிப்பதுபோல ‘கெகிகா’ என்று தன் வேலைக்குத் தனிப் பேரே வைத்துக்கொண்டார். 1964இல் ‘காரோ’ பத்திரிகை வந்தது. கூலிக்காரன், கடன்காரன், தற்கொலை எல்லாம் கட்டங்களுக்குள் நுழைந்தன. 1995இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழின் ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சானது. இங்கே பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். படக்கதை அதே அரை டிராயரோடு நின்றுவிட்டது. ஓவியர்களுக்கா பஞ்சம்? மணியம், கோபுலு, சில்பி என்று எவ்வளவு கைகள்! ஆனால் அந்தக் கைகள் பெரும்பாலும் தொடர்கதைக்கு வாரம் ஒரு படம் போட்டன. கதையையே படத்தால் சொல்லச் சொல்லி, அதற்கேற்ற கூலியும் பக்கமும் கொடுத்த முதலாளிகள் குறைவு. இது என் குற்றச்சாட்டு, மறுப்பவர்கள் இருக்கலாம்.

அந்தக் குறையைச் சிவகாசிதான் ஓரளவு போக்கியது. நாள்காட்டியும் பட்டாசு லேபிளும் அச்சடித்த அந்த ஊரிலிருந்து சௌந்தரபாண்டியன் 1972 ஜனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. லண்டனில் 1962இல் வந்த ‘வேலியன்ட்’ வார இதழின் கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் தெரியும். வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். இங்கிலாந்தில் இன்று அந்தப் பேரைச் சொன்னால் விழிப்பார்கள். நம் ஊரில் 50 வயது தாண்டிய ஆள் யாரையாவது நிறுத்திக் கேட்டுப்பாருங்கள், கண் மின்னும். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியன் மகன் விஜயன் மாடஸ்டியோடு ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். அதே மாதம் ஜேம்ஸ் பாண்டோடு ‘ராணி காமிக்ஸ்’ வந்தது, 2005 வரை நீடித்தது. டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர் என்று அரிசோனாப் பாலைவனம் எங்களுக்கு அரக்கோணத்தைவிடப் பழகிப்போனது. நினைவிழந்தவனின் கதையான ‘இரத்தப் படலம்’ 1986இல் தொடங்கித் துண்டு துண்டாக வந்து, 2010இல் ஒரே தடித்த புத்தகமாக வந்தபோது நரைத்த மீசைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் ராணி காமிக்ஸ் படித்தது சலூனில். முறைக்குக் காத்திருக்கிற சாக்கில் மூன்று இதழ் முடித்துவிட்டு, முடி வெட்டாமலே ஓடி வந்து அடி வாங்கியதுண்டு. எட்டாம் வகுப்பில் புவியியல் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு மாயாவி இதழை ஆசிரியர் ஒருவர் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மணி அடித்ததும் பொறுக்கி எடுத்து, சாதப்பருக்கை வைத்து ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு கட்டம் காணாமல் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் நாலு பேர் ஒரு வாரம் சண்டை போட்டோம். இரண்டு கட்டத்துக்கு நடுவில் வாசகன் செய்கிற வேலை என்ன என்று பின்னாளில் ஸ்காட் மெக்ளவுட் தன் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில், 1993இல், விளக்கியதைப் படித்தபோது சாதப்பருக்கை வாசனை வந்தது.

கோயிலில் கூட்டம் இல்லை. இரத்தினசபையில் ஊர்த்துவ தாண்டவர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார். காளியோடு போட்ட ஆட்டப் போட்டியில் வென்ற கால். கீழே புனிதவதி அம்மையார், எலும்பும் தோலுமாய். பையன் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “பேயா மாறணும்னு யாராச்சும் கேட்பாங்களா மாமா?” என்றான். கேட்டார், கேட்டுவிட்டு எழுதியும் வைத்தார் என்றேன்.

அவருடைய மூத்த திருப்பதிகத்தைப் பக்திப் பாட்டு என்று சொல்லி நாம் ஓதுவாரிடம் ஒப்படைத்துவிட்டோம். அதில் இருப்பது சுடுகாடு. கருகின முள்செடி, பிணத்தைச் சுற்றும் நரி, ஆந்தை, தீயில் வெந்த கொழுப்பு. இதற்கு நடுவில் ஓரிடத்தில் ஒரு பேய்த்தாய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைக்கிறாள், மேலே ஒட்டின புழுதியைத் துடைத்துப் பால் கொடுக்கிறாள், எங்கோ போய்விடுகிறாள். தாய் திரும்பி வராமல் அந்தக் குஞ்சு அழுது அழுது தூங்கிப்போகிறது. அந்த இடத்தில்தான் எங்கள் அப்பன் ஆடுகிறான் என்று முடிக்கிறார். பயமுறுத்தலும் தாய்மையும் ஒரே மூச்சில் வருகிற இந்த இடத்துக்கு ஈடாக நான் பார்த்த ஒரே கை ஷிகெரு மிசுகியுடையது.

ஆகவே பேய்க்கதை கேட்டவனுக்கு முதல் சிபாரிசு மிசுகிதான். 1922இல் பிறந்தவர். போரில் ரபாவுல் பக்கம் குண்டு விழுந்து இடது கை போனது. ஊர் திரும்பி, தெருவில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக் கதை சொல்கிறவர்களுக்குப் படம் வரைந்து பிழைத்து, ஒற்றைக் கையால் ஜப்பானின் பேய்களை எல்லாம் தாளில் ஏற்றினார். அவருடைய கிதாரோ, செத்த தாயின் புதைகுழியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த பிள்ளை. அப்பனுக்கு மிஞ்சியது ஒரு கண் மட்டும், அந்தக் கண்ணே கைகால் முளைத்து மகனைப் பார்த்துக்கொள்கிறது. ஆலங்காட்டுப் பேய்க்குஞ்சுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ‘நோன்நோன்பா’ என்ற புத்தகத்தில் தனக்குச் சிறுவயதில் பேய்க்கதை சொன்ன பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றி எழுதியிருக்கிறார். அழுக்கு சேர்ந்த குளியலறையை நக்குகிற பேய், இருட்டு ஒற்றையடிப் பாதையில் பின்னாலேயே நடந்து வருகிற பேய் என்று அந்தக் கிழவிக்குத் தெரியாத பேய் இல்லை. பிரான்சில் அங்குலேம் விழாவில் 2007இல் அந்தப் புத்தகம் சிறந்த நூல் என்று பரிசு பெற்றது. இன்று அவர் வளர்ந்த சகாய்மினாத்தோவில் தெரு முழுக்க அந்தப் பேய்களுக்கு வெண்கலச் சிலை. சுற்றுலாக்காரர்கள் பேயோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பயம்தான் வேண்டும், பாசம் வேண்டாம் என்றால் ஜுன்ஜி இட்டோவின் ‘உசுமாகி’. 1998, 99இல் வந்தது. ஒரு ஊரைச் சுருள் வடிவம் பிடித்து ஆட்டுகிறது. நத்தை, புகை, தலைமுடி, காது என்று எங்கு பார்த்தாலும் சுருள். ஏன் என்று அவர் சொல்வதே இல்லை. பல்லுக்கு அச்சு எடுக்கிற தொழிலில் இருந்தவர், கோடுகள் அத்தனை சுத்தம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருத்தி எதையோ பார்த்து வாயைப் பிளக்கிறாள், அவ்வளவுதான். அவள் பார்த்தது அடுத்த பக்கத்தில். புரட்டுகிற விரல் நம்முடையது. அந்தக் கணத்தில் விரல் கூசும். சினிமாவில் கண்ணை மூடிக்கொண்டால் காட்சி போய்விடும், இங்கே போகாது. போனில் பார்க்கிறவனுக்கு இதில் பாதிதான் கிடைக்கும், புத்தகமாக வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

சரித்திரத்துக்கு வருவோம். 1905இல் இந்த ஊரில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது: 31 ஏடுகள், கோத்த வளையம், அதில் புலியும் மீனும் வில்லும் உள்ள முத்திரை. முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த சாசனம். பின்னால் சேர்த்த வடமொழிப் பகுதியில் சோழர் குலக் கதையே இருக்கிறது. ஆதித்த கரிகாலன் மறைந்ததும், அருள்மொழி சிற்றப்பனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்ததும் அதில்தான் படிக்கிறோம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னுக்குச் சாட்சி தேடியபோது அவர் கைக்கு வந்தது இந்த ஊர்ச் செம்பு. அந்த நாவலை நிலா காமிக்ஸ் தமிழில் படக்கதையாகப் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது. நாவல் படிக்கப் பொறுமை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். எனக்கு அதில் பேச்சு கொஞ்சம் அதிகம். மணியத்தின் நந்தினி ஒரு பார்வையில் முடித்த விஷயம் அது.

அதே 1018இல் வட கடலில் கனூட் என்ற டேனிய இளவரசன் இங்கிலாந்தின் அரசனாகிவிட்டிருந்தான். கப்பல் கட்டிக்கொண்டு போய் அடித்த இரண்டு அரசர்கள், ஒரே காலம். அந்தக் கனூட்டின் உலகத்தைத்தான் மகோட்டோ யுகிமுரா ‘வின்லாண்ட் சாகா’வாக 2005இலிருந்து 2025 வரை வரைந்தார். அப்பனைக் கொன்றவனைப் பழிவாங்கவே வாழ்கிற தோர்பின், பழிவாங்க ஆள் இல்லாமல் போனதும் அடிமையாக ஒரு பண்ணையில் காடு வெட்டி வேர் பிடுங்குகிறான். சண்டைக்காக வாங்கிய வாசகர்கள் பாதிப் பேர் இங்கே முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பண்ணைப் பகுதிதான் புத்தகம். கோதுமை முளைக்கிறதா என்று இரண்டு அடிமைகள் குனிந்து பார்க்கிற பக்கத்தில், நம் செப்பேடுகளில் வருகிற பிடி சூழ்தல் நினைவுக்கு வந்தது. தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். கடாரம் வென்ற கதையை வரைய நமக்கு ஆயிரம் பேர் கிளம்புவார்கள். யானையின் பின்னால் கள்ளிக் கன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தவனை வரைய ஒரு யுகிமுரா வேண்டும்.

சாமிக்கதை என்றால் தெசுகாவின் ‘புத்தர்’. 1972இல் தொடங்கி 1983இல் முடித்தார். அமர் சித்திரக் கதையில் பழகிய கண்ணுக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கும். துறவிகள் ஜோக் அடிப்பார்கள், இல்லாத பாத்திரங்கள் வருவார்கள், நடுவில் தெசுகாவே மூக்கை நுழைப்பார். பொறுத்துக்கொண்டு போனால் பசித்தவனுக்காக ஒரு முயல் தீயில் குதிக்கிற தொடக்கமே கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஊர்ச் சாமிக்கும் படக்கதைக்கும் இன்னொரு உறவு உண்டு. திருவாலங்காட்டில் கிடைத்த வெண்கல நடராசர் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவர் ஆடுவது ஆனந்த தாண்டவம். அந்தச் சிலையின் புகைப்படங்களை விக்டர் கோலுபேவ் என்பவர் பாரிசில் சிற்பி ரோதானிடம் காட்ட, ரோதான் எழுதிய கட்டுரை அவர் இறந்த பின் 1921இல் வெளியானது. ரோதான் சிலையை நேரில் பார்த்ததில்லை. பக்கவாட்டில் முகம், நேரே முகம், உதடு, கை, கால் என்று துண்டு துண்டாக, படம் படமாக, ஒவ்வொன்றிலும் நின்று நின்று பார்த்தார். ஒன்றும் நடக்காது, நேரம் நகராது, ஒரே பொருளைக் கண் சுற்றிச் சுற்றி வரும். ஜப்பானியப் படக்கதையில் இந்த மாதிரிக் கட்டங்கள் அதிகம் என்று மெக்ளவுட் எண்ணியே காட்டியிருக்கிறார். ஜிரோ தனிகுச்சியின் ‘நடக்கும் மனிதன்’ முழுக்கவே அப்படித்தான். ஒருவர் நடக்கிறார். மழை, நாய், குளம். முடிந்தது. சண்டை அலுத்தவனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஊர்க்கதைகளில் பையன் கேளாமலே ஒன்றைத் திணித்தேன்: ‘பீமாயணம்’. அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமையை கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011இல் வரைந்தார்கள், தமிழிலும் வந்துவிட்டது. ஆட்களைச் சதுரக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். அன்பான பேச்சு பறவை வடிவக் குமிழில் வரும். விஷம் கக்கும் பேச்சுக்குக் குமிழின் வால் தேள்கொடுக்கு. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே உலகத்தின் எந்தப் படக்கதையோடும் அதைச் சரிசமமாக வைக்கலாம். நர்மதை அணைக்கட்டைப் பற்றி ஓரிஜித் சென் 1994இல் வரைந்த ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ காணாமல் போயிருந்ததைச் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2022இல் மீட்டது. திருவான்மியூர் தாரா புக்ஸ், வங்காளப் படச்சுருள் பாடகி மொய்னா சித்ரகரை வைத்துச் சீதையின் பக்கத்திலிருந்து இராமாயணம் சொன்னது. வன்னிப் போரின் கடைசி மாதங்களை, கிளிநொச்சியில் ஐநா ஊழியராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே போலக் வரைந்த ‘வன்னி’ 2019இல் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்காது. ‘பெர்சிபோலிஸ்’ படக்கதை ‘ஈரான்’ என்ற பேரில் விடியல் பதிப்பகம் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது.

மாங்காவை ஏன் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்பதுதான் என் தீராத ஆற்றாமை. ஜப்பானிய மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்கள் அபாரம். மழைக்கு ஒன்று, மெத்தென்ற நடைக்கு ஒன்று, யாரும் பேசாத அறையின் நிசப்தத்துக்குக்கூட ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் இதற்கு முழி பிதுங்கி அடிக்குறிப்பு போடுகிறார். நம்மிடம் சலசல, மொறுமொறு, கிசுகிசு, திருதிரு, வெலவெல என்று மூட்டை மூட்டையாக இருக்கிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்தே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் இருக்கிறது. விழிப்பதற்கே சத்தம் கண்டுபிடித்த மொழி இது. சிவகாசிக்காரர்கள் ‘டுமீல்’, ‘ணங்’, ‘சதக்’ என்று எழுதி எங்களை வளர்த்தவர்கள். கை பழகியவர்கள் இருக்கிறார்கள், மொழி இருக்கிறது. உரிமைத்தொகை, பிரதி எண்ணிக்கை என்று பதிப்பாளருக்கு ஆயிரம் தலைவலி இருக்கும், மறுக்கவில்லை. ‘டீமன் ஸ்லேயர்’ படத்தை 2025இல் தமிழில் ஓட்டியபோது திரையரங்குக்கு ஆள் வந்தது. புத்தகத்துக்கும் வரும்.

வெயில் தாழ்ந்ததும் பழையனூர்ப் பக்கம் நடந்தோம். வேளாளர் தீப்பாய்ந்த இடம் என்று காட்டுகிறார்கள். நீலியின் கதையைப் பையனுக்குச் சொன்னேன். முன்பிறவியில் தன்னைக் கொன்ற செட்டியைத் தேடி வருகிறாள் பேய். கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னை ஏற்க மறுக்கிறார் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. பேய் என்னைக் கொன்றுவிடும் என்று அவன் கெஞ்ச, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று 70 வேளாளர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி பிணம். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கிவிடுகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த ஊருக்குப் பாடிய பதிகத்திலேயே இதைத் தொட்டுவிட்டுப் போகிறார். அதைவிடப் பழைய கதை.

மனு லார்செனே வரைந்த ‘ப்ரோடெக்கின் அறிக்கை’ என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகம், லயன்காரர்கள் ‘நிஜங்களின் நிசப்தம்’ என்று தமிழில் போட்டார்கள். கறுப்பு வெள்ளை, படுக்கைவாட்டில் அகலமான பக்கங்கள், பனி. ஊரே கூடி ஒரு வழிப்போக்கனைக் கொன்றுவிட்டு, எங்கள் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடு என்று ஒருவனை நெருக்குகிறது. எங்கோ பனிக்காட்டில் நடக்கிற அதைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பழையனூர்தான் ஓடியது. அங்கே ஊர் ஒளித்தது, இங்கே ஊர் எரிந்தது. அந்தப் புத்தகத்தைக் கடைசி சிபாரிசாகச் சொல்லிவைத்தேன்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நடைமேடைச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பையன் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கினான். எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் கள்ளிச்செடி, கொப்பு ஒடிந்து பால் வடிகிறது. பக்கத்துக் கட்டத்தில் ஒரு பெண்ணின் இடுப்பு, அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகு மட்டும். நடுவில் விரற்கடை அகலம் வெள்ளையாக விட்டிருந்தான்.

“இதுக்கு நடுவுல அது எப்படி மாறுச்சுன்னு ஒரு கட்டம் போடணுமா மாமா?”

“வேணாம்டா. இருக்கட்டும்.”

“எழுபது பேர் முகமும் வேற வேற மாதிரி வரையணுமே” என்றான். மணவூர்ப் பக்கமிருந்து எதிர்வண்டி வந்து நின்றது. இறங்கிப் போகிற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தான்.